வெயில் தின்னாத பக்கம்

துணிக்குப் போட்ட கிளிப் போன வாரம் கையிலேயே பொடிந்தது. போன மாதம் வாங்கியது. வெயிலில் கிடந்தே மொறுமொறுவென்று ஆகிவிட்டது. அந்தத் துண்டுகளோடு தெருமுனைக்கு ஓடினேன், உன் பேனரைப் பார்க்க.

நீ போன அன்று உன் தோஸ்து கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர். உன் சிவப்புச் சட்டை வெளுத்து வெள்ளையாகிவிட்டது. நெற்றிக் குங்குமம் இல்லை. உதடு நீலம். செத்த அன்றுகூட நீ இத்தனை நீலமாக இல்லையே, யோவ்.

லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற ஆள் நீ. "தண்ணி அழுக்கத்தான் எடுக்கும், வெயிலு சாயத்தயே தின்னும்" என்பாய். நான் கொடியில் போட்ட நைட்டியை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போடுவாய். தெருவே சிரிக்கும், எனக்கு எரிச்சலாக வரும்.

நம் சடையங்குப்பத்தில் வீட்டு முன்சார்ப்புக்கெல்லாம் பழைய பேனர்தான் கூரை. எல்லாரும் படம் வானத்தைப் பார்க்கப் போடுவார்கள். நீ மட்டும் குப்புறப் போடுவாய். நான் சோறாக்கும்போது யாரோ ஒரு கல்யாண ஜோடி மேலேயிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

உன் படம் வேறு ஏது? தோஸ்து போனில் இருந்தது ஒன்றுதான். வெள்ளத்தில் அந்த போனும் போய்விட்டது.

உடனே ஏணி வைத்தேன். தோஸ்து ஓடி வந்தார்.

"இன்னா அண்ணி, வருசம் முடியாம அவுக்கலாமா? தெரு பேசும்."

"பேசட்டும். வருசம் முடியறப்போ மூஞ்சி கீதான்னு தெருவா வந்து பாக்கப்போவுது?"

அவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு மறுபக்கக் கயிற்றை அவரே அவிழ்த்தார்.

மடித்துப் பெட்டியில் வை என்றாள் அக்கா. உன்னை ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்ததே எனக்குப் போதும். சார்ப்பின்மேல் குப்புறப் போட்டிருக்கிறோம், உன் வழக்கப்படியே.

ஆனாலும் மனசு நிற்கவில்லை. பேனரின் வெள்ளை முதுகைத் தாண்டியும் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது. உன் முகம் மங்கலாக ஒளிர்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. இந்தப் பக்கத்தையும் வெயில் மெதுவாகத் தின்னும். அதற்குள் உன்னை மனப்பாடம் செய்துவிட வேண்டும் என்று, உலை கொதிக்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கிறேன். நெற்றி முடிந்தது. இன்று இடது புருவத் தழும்புவரை வந்திருக்கிறேன்.