திறந்திருக்கக் கூடாத கோப்பு

மார்ச் 3
மனநல மருத்துவமனையில் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கேயே கணினிப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன், எதிர்த்துப் பேசாதவன் — அதற்காகத்தானோ? நோயாளிகள் டாக்டர்களிடம் சொன்னதையெல்லாம் குறியாக்கம் செய்து பூட்டிவைக்க ஒரு மென்பொருள் வாங்கப்போகிறார்கள். உறுதியானதுதானா என்று நான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

மனைவியும் அங்கேதான் சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சொல்வதெல்லாம் கணினியில் ஏறுகிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்டதில்லை.

மார்ச் 5
பெரிய கோப்பு, சின்னக் கோப்பு, படம், வெற்றுக் கோப்பு எல்லாம் பூட்டிக்கொள்கிறது. தவறான கடவுச்சொல்லுக்குத் திறக்கவில்லை. குறையே இல்லையா, எனக்குத்தான் தெரியவில்லையா?

மார்ச் 7
வெட்கக்கேடு. யாரும் ஊகிக்க முடியாத கடவுச்சொல்லாகப் போட்டு, எங்கும் எழுதிவைக்கக் கூடாது என்ற விதியையும் மதித்து — மறந்துவிட்டேன்.

"கண்ணாடிய நெத்தியில வச்சுக்கிட்டே வீடெல்லாம் தேடற ஆளாச்சே நீங்க! உங்களப் போயா பூட்டச் சொன்னாங்க?" என்று மனைவி சிரித்தாள்.

கூச்சத்தோடு விற்பனையாளருக்குப் போன் செய்தேன்.

"இதுக்கா சார் கவலப்படறீங்க? ஃபைல அனுப்பிட்டு டீ குடிச்சிட்டு வாங்க. திறந்து வைக்கிறோம்."

திறந்தே கொடுத்தார். நன்றி சொன்னேன்.

மார்ச் 8
முகம் கழுவும்போது உறைத்தது. கடவுச்சொல் தொலைந்தால் அந்தக் கோப்பு யாருக்கும் திறந்திருக்கக் கூடாதே! எல்லாப் பூட்டுக்கும் அவங்ககிட்ட இன்னொரு சாவி இருக்கு. நான் பாட்டுக்கு நன்றி சொல்லிட்டு உட்கார்ந்திருக்கேன்!

மார்ச் 10
சந்தேகம் விடவில்லை. வேறு கணினி, வேறு கோப்பு. மறந்துவிட்டதாக நடித்தேன். அதையும் திறந்து தந்தார்கள்.

மார்ச் 11
மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் சொன்னேன். அவர்: "மறந்தது நீங்க, பழி அவங்க மேலயா? அது ஒரு வசதி சார். நல்லாயிருக்குன்னு கையெழுத்துப் போடுங்க."

பேனாவை மூடி வைத்தேன். "அந்தச் சாவி நம்மகிட்ட இருந்தா வசதி. வித்தவங்ககிட்ட இருந்தா அது பூட்டே இல்ல. போட மாட்டேன்."

நானா பேசினேன்?

மார்ச் 12
இனி வர வேண்டாமாம். சரி, வரல. ஆனால் 'தகுதியற்றது' என்ற என் முடிவை, காரணத்தோடு, எல்லா டாக்டர்களுக்கும் அனுப்பிவிட்டுத்தான் எழுந்தேன்.

ஏப்ரல் 2
அந்த மென்பொருளில் ஒரு வரிகூட ஏற்ற மாட்டோம் என்று டாக்டர்கள் சொல்லிவிட, அதை வாங்கவில்லையாம். மனைவியின் டாக்டரே போனில் சொன்னார்.

சாயங்காலம் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே, "சும்மாதானே இருக்கீங்க, ஆஸ்பத்திரி வரைக்கும் துணைக்கு வாங்க" என்றாள்.

உள்ளே நெடுநேரம் பேசினாள். குரல் காதில் விழாத தூரத்தில், கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.