நான் விழுந்த வாய்க்கால்

அன்புள்ள அப்பாவுக்கு, இளமதி எழுதுவது. நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா?

"அமேசான் காட்டுல ஏதும்மா பெரிய ஊரு?" என்று, அகழாய்வுக்குக் கிளம்பிய என்னை வழியனுப்பும்போது விருத்தாசலம் ஜங்ஷனில் கேட்டீர்களே. இருந்தது அப்பா! நேற்று மழையில் வழுக்கி ஒரு பள்ளத்தில் விழுந்தேன். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எழுந்து பார்த்தால் பள்ளம் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகிறது. மனிதர் வெட்டிய வாய்க்கால். கரையெல்லாம், உங்கள் செராமிக் கம்பெனிக்குப் பின்னால் கிடப்பதுபோல், உடைந்த பானை ஓடுகள். அவர்களின் மர வீடுகள் மக்கிவிட்டன, ஓடு மக்குமா? ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்திருக்கிறார்கள். யாரிடம் வேண்டுமானாலும் வாதாடுவேன்.

கறிவேப்பிலைப் பொடி அனுப்புங்கள். ஜீப் ஹாரன் அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நீங்களும் அம்மாவும் வழக்கம்போல் சண்டை போடுங்கள். இவ்வளவு பெரிய ஊரில் தமிழ் பேச ஒருவரும் இல்லை.

உங்கள் மகள்,
இளமதி