காதுகுத்து பேனரும் நீ வரைஞ்ச ஆம்புலன்ஸும்

கடலூர், புதுப்பாளையம்
தை மாசம், 2012

அன்பு மகள் வெண்மதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. புயல் அடிச்சு ஓய்ஞ்ச ஊருல நாங்க எல்லாரும் தலைக்குக் கூரையோட, வயித்துக்குச் சோத்தோட இருக்கோம். நீயும் அந்தக் குளுருல உடம்பைப் பாத்துக்கிட்டு நல்லா இருக்கணும்னு தெனம் வேண்டிக்கறேன். மனசு எப்படி இருக்குன்னு கேக்கத்தான் எனக்கு வாய் வரல, அதைக் கெடுத்தவளே நான்தானே. நீ அன்னிக்கு போனை வெச்சதிலேருந்து எத்தனையோ தடவை நம்பரைப் போட்டுட்டு அடிக்கறதுக்கு முன்னாடியே கட் பண்ணிட்டேன். போன்ல சொன்னா நீ பாதியில குறுக்க பேசுவ, நான் அழுதுடுவேன், சொல்ல வேண்டியது அப்படியே நின்னுடும். அதான் உக்காந்து எழுதறேன். உங்கண்ணன் அன்பரசு கூரியர்ல அனுப்பறேன்னு சொல்லியிருக்கான். உங்க ஆபீசுல பேடன்ட்டுக்குக் கையெழுத்து வாங்கறதுக்குள்ள இது உன் கைக்கு வந்துடணும்.

இங்க ஒருவழியா கரன்ட் வந்துடுச்சு. அதுவரைக்கும் தெருவுக்குத் தெரு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தாத்தான் தொட்டிக்குத் தண்ணி ஏறும்ங்கற கதையா இருந்துது. நம்ம வேப்பமரம் பக்கத்து வீட்டு காம்பவுண்டு மேல சாஞ்சுடுச்சு, அவுங்க ஒண்ணும் சொல்லல, சண்டை போடற தெம்பு ஊருல யாருக்கும் இல்ல. சிதம்பரத்துல சுப்பராயலு மாமா வீட்டுல நாலு ஓடு பறந்ததோட சரி. உங்கப்பா மாத்திரை ஒழுங்கா போட்டுக்கறார், நடைதான் போவ மாட்டேங்கறார், கேட்டா ரோட்டுல மரம் கெடக்குதுங்கறார், அந்த மரத்தை எப்பவோ அறுத்து எடுத்துட்டாங்க. அன்பரசு கம்பெனி மறுபடி ஓட ஆரம்பிச்சுடுச்சு. மலர்க்கொடி நல்லா இருக்கா, மாமியார்ங்கற மரியாதைக்கு என்னை இன்னும் திட்டாம இருக்கா. குட்டிப்பயலுக்குக் காது ரெண்டும் ஆறிப்போச்சு, கம்மலைப் புடிச்சு இழுத்து இழுத்துப் பாக்கறான். அவன் காதுகுத்துலதான் எல்லா வினையும் ஆரம்பிச்சுது.

நீ போன சித்திரையில லீவுக்கு வந்தப்போ, அப்படி என்னதான் வேலை பாக்கற, எனக்கும் புரியற மாதிரி சொல்லேன்னு நான்தான் நச்சரிச்சேன். நீயும் ஒரு சார்ட் பேப்பரை எடுத்து வெச்சு, ஆம்புலன்ஸ் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, எனக்காகத் தமிழ்லேயே எழுதிக் காட்டின. அதுக்கு முந்தின வருஷம் ஆருத்ரா தேர் அன்னிக்கு சிதம்பரத்துல உங்கப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, ஏத்திக்கிட்டுப் போன ஆம்புலன்ஸ் தெற்கு வீதியில கூட்டத்துலயும் வண்டியிலயும் மாட்டி அசையாம நின்னுது, நான் அவர் கையைப் புடிச்சுக்கிட்டு ஒப்பாரி வெச்சேன். அதைக் கேட்ட அன்னிக்குத்தான் உனக்கு இந்த யோசனை வந்துதுன்னு சொன்ன. நோயாளி நெஞ்சுல வெச்ச பட்டை நாடியைப் பாத்துக்கிட்டே இருக்கும், நாடி எறங்க எறங்க ஆம்புலன்ஸ்லேருந்து முன்னாடி போற வண்டிகளுக்குப் போற சேதி தூரமா போவும், சும்மா காய்ச்சல்காரன்னா பக்கத்து வண்டி ஒதுங்குனா போதும், உசுருக்கு ஆபத்துன்னா அடுத்த சிக்னல் வரைக்கும் வழி விடணும், ஆஸ்பத்திரிக்கும் அதே நேரம் தெரிஞ்சுடும்னு எழுதியிருந்த. எனக்கே புரிஞ்சுதுன்னா பாத்துக்கோ. பேடன்ட்டுக்குக் கொடுக்கறவரைக்கும் இதை யாருக்கும் காட்டாதேம்மான்னும் சொன்ன. நீ சொல்லலன்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். என் புத்தியில யாருக்கும்னா வேற கம்பெனிக்காரன், படத்தைச் சுட்டுக்கிட்டுப் போறவன். சொந்தக்காரங்களை நான் அந்தக் கணக்குல சேக்கவே இல்ல. அவுங்ககிட்ட மறைச்சாத்தானே நம்ம ஊருல தப்பு.

காதுகுத்து திருவந்திபுரத்துலன்னு முடிவானதும் சம்பந்தியம்மா சௌந்தரம் மண்டப வாசல்ல பேனர் கட்ட ஏற்பாடு பண்ணிட்டாங்க. அவுங்க அண்ணன் பையன் அமெரிக்காவுல இருக்கானே, அவன் கோட்டும் கூலிங் கிளாசுமா ஆளுயரத்துக்கு நிக்கறான், கீழ வாழ்த்தறேன்னு எழுத்து. அவன் அங்க என்ன கிழிக்கறான்னு எனக்குத் தெரியும், சரி அது இருக்கட்டும். புள்ளைக்குச் சொந்த அத்தை நீ, உனக்கு லீவு கெடைக்கல, உன் மூஞ்சி அங்க இல்லாம அவன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நான் எப்படி வந்தவங்களை வாங்கன்னு சொல்றது. எனக்குப் பொறுக்கல வெண்மதி. பேனர் கடைக்கு நேரா போயி உன் போட்டோவைக் குடுத்தேன். வெறும் போட்டோவா போட்டா எடுப்பா இருக்காதேம்மா, வேற எதனா இருக்கான்னு கடைக்காரர் கேட்டார். பீரோவுல பட்டுப்புடவைக்கு அடியில வெச்சிருந்த சார்ட்டை எடுத்துக்கிட்டுப் போயி குடுத்தவ நான். அவர் அதை ஸ்கேன் பண்ணி, ஆம்புலன்ஸுக்கு சிவப்பு விளக்கு போட்டு, நீ எழுதின ஒவ்வொரு வரியும் ரோட்டுல போறவன் படிக்கற மாதிரி பெருசு பண்ணிட்டார். ஜெர்மனியில் புதிய கண்டுபிடிப்பு கண்ட எங்கள் வெண்மதின்னு தலைப்பு. போன வருஷம் அன்பரசு கம்பெனியில கழிவுத்தண்ணியிலேருந்து உப்பைப் பிரிச்செடுக்கற முறைக்குப் பேடன்ட் கெடைச்சப்போ கேட்டுல பேனர் கட்டி ஆளுக்கொரு டப்பா லட்டு குடுத்தாங்க, அதனால பேடன்ட்னா பேனர் கட்டற விஷயம்னுதான் நான் நெனைச்சேன். அவுங்க வாங்கிட்டுக் கட்டினாங்க, நீ வாங்கறதுக்கு முன்னாடியே நான் கட்டிட்டேன். அன்னிக்கு நல்ல முகூர்த்தம், பக்கத்து மண்டபத்துக்கு வந்தவங்க கூட நின்னு படிச்சுட்டுப் போனாங்க, ஒவ்வொருத்தருக்கும் நான் வாசல்லேயே நின்னு விளக்கம் வேற சொன்னேன். இப்ப நெனைச்சா அந்த வாயைத் தைக்கணும்னு வருது.

அப்புறம் புயல் வந்துது. நமக்கு மீன் கொண்டாந்து குடுக்கற தேவனாம்பட்டினத்து மங்கலத்துக்கு வீட்டுக் கூரை மொத்தமும் போச்சு. அவ பொண்ணு அப்பத்தான் பிரசவிச்சுட்டு வந்திருந்தா. தார்பாய் எங்கேயும் கெடைக்கல, கெடைச்சாலும் யானை விலை சொன்னான். பரண் மேல சுருட்டி வெச்சிருந்த பேனரை எடுத்து நான்தான் குடுத்தேன். நீ புயலுக்கப்புறம் பதறிப்போயி போன் பண்ணினப்போ அதைத்தான் பெருமையா சொன்னேன், உன் பேனர்தான் இப்ப ஒரு குடும்பத்துக்கே கூரைன்னு. என்ன பேனர்னு கேட்ட. சொன்னேன். அதுல நான் வரைஞ்ச சார்ட்டும் இருக்கான்னு கேட்ட. இருக்குன்னேன். பேடன்ட்டுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒலகத்துல எந்த மூலையில ஜனங்க பாத்திருந்தாலும் அது புதுசு இல்லன்னு தள்ளிடுவாங்க, வெளியே எங்கேயும் காட்டலன்னு ஆபீசுல எழுதிக் கையெழுத்துப் போடணும்னு நீ புரிய வெச்ச. இத்தனை வருஷ உழைப்பும்மான்னு மட்டும் சொன்ன. அப்புறம்தான் சொன்ன, அதை எறக்கி எரிச்சுடும்மா, போட்டோ எங்க இருந்தாலும் அழிக்கச் சொல்லு, கடலூர் வரைக்கும் யாரு வந்து பாக்கப் போறான்னு. என் பொண்ணு வாயிலேருந்து அப்படி ஒரு பேச்சு வர வெச்சவ நான்.

நீ சொன்னபடியே செய்யத்தான் கெளம்பினேன், அதை நீ நம்பணும். மலர்க்கொடி தம்பி ஃபேஸ்புக்குல போட்டிருந்த போட்டோவை அன்பரசு சொல்லி எடுக்க வெச்சுட்டான். பாண்டிச்சேரியிலேருந்து ஒரு புது தார்பாயும் வாங்கிட்டு வந்தான், கொழந்தை இருக்கற வீட்டுக் கூரையை எடுத்துட்டுச் சும்மா வர முடியாதே. ரெண்டு பேரும் மங்கலம் வீட்டுக்குப் போனோம். இதுக்குப் பதிலா அதைக் குடுன்னேன். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல, உங்க பொருள்தானேக்கான்னுட்டு மருமவனைக் கூப்பிட்டு அவுக்கச் சொன்னா. நான் உள்ள நின்னு அண்ணாந்து பாத்தேன். படம் இருக்கற பக்கத்தை உள்பக்கமா போட்டுக் கட்டியிருந்தாங்க, வெயிலுல சாயம் போவக்கூடாதுன்னு. படுத்தா நேரா கண்ணுக்கு உன் ஆம்புலன்ஸ்தான். மருமவன் கயித்தை அவுக்கறப்போ பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க வந்து, ஐயோ ஆம்புலன்ஸை எடுத்துட்டுப் போறீங்களான்னாங்க. கரன்ட் இல்லாத நாளெல்லாம் அதைப் படிக்கறதுதான் எங்களுக்குப் பொழுதுபோக்குன்னு மங்கலம் சிரிச்சா. படிக்கத் தெரியாதவங்களுக்கு அவ பொண்ணு படிச்சுக் காட்டுவாளாம். நாடி எறங்கினா சேதி தூரமா போவும்னு அந்தப் பொம்பளைங்க எனக்கே சொல்றாங்க. மருமவன் மேல இருந்தபடியே, எஞ்சின் நின்னு போன படகுக்கும் இதே மாதிரி வெக்கலாம், உள்ள தண்ணி ஏற ஏற சேதி அடுத்த படகைத் தாண்டி கரை வரைக்கும் போவணும், உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்கன்னார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எத்தனை பேருக்கு எவ்வளவு புரிஞ்சிருக்குன்னு எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது.

பேனரைச் சுருட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். பின்பக்கம் போயி மண்ணெண்ணெயும் ஊத்திட்டேன், தீப்பெட்டியும் கையில இருந்துது. அந்தச் சந்துல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சது தெரிஞ்சதுதானே வெண்மதி, அதை நான் எதைப் போட்டு எரிக்கறது. அன்பரசு அவசரப்படுத்தறான், எரிச்சுட்டு வேலையைப் பாரும்மா, ஜெர்மன்காரனுக்கு தேவனாம்பட்டினம் எங்க தெரியப் போவுதுங்கறான். உங்கப்பா வாசப்படியில நின்னு, எரிக்கறது நீ, கையெழுத்துப் போடப் போறது அந்தப் பொண்ணுன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டார். மனுஷன் வருஷத்துக்கு ஒருதடவைதான் வாயைத் தொறப்பார். தீப்பெட்டியைக் கீழ வெச்சுட்டேன். மண்ணெண்ணெயைக் கழுவி, காய வெச்சு, அதைக் கட்டிலுக்கு அடியில போட்டு வெச்சிருக்கேன். இன்னும் வாடை போவல.

என்னால உனக்கு என்னென்ன போவுதுன்னு எனக்குத் தெரியாம இல்ல. பதவி உயர்வு இதை நம்பித்தான் இருக்குன்னு சொல்லியிருந்த. உன்கூடச் சேர்ந்து உழைச்ச அந்த ஜெர்மன்காரப் பொண்ணுக்கும் பேடன்ட்ல வர வேண்டிய பேரு போவுது, அவ எனக்கு என்ன கெடுதல் பண்ணா, போன கிறிஸ்துமஸுக்கு எனக்குன்னு சாக்லேட் குடுத்தனுப்பினவ. அவளைப் பெத்தவ எதையும் ரோட்டுல கட்டித் தொங்க விட்டிருக்க மாட்டா. அவகிட்ட என் சார்பா மன்னிப்பு கேளு, கேக்கக் கூச்சமா இருந்தா போனைப் போட்டுக் குடு, எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இங்கிலீஷ்ல நானே கேக்கறேன். ஆனா அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடாதே கண்ணு. நான் பண்ணது பெருமையில கண்ணு தெரியாம பண்ண தப்பு. நீ போட்டா அது தெரிஞ்சே எழுதின பொய், உன் கையால, உன் பேருல, அங்கேயே கெடக்கும். அதுக்கப்புறம் ஒவ்வொரு ராத்திரியும் யாராவது கண்டுபிடிச்சுடுவாங்களோன்னு நீ அந்தக் குளுருல முழிச்சுக்கிட்டுப் படுத்திருப்ப, அதை நெனைச்சு நான் இங்க முழிச்சிருப்பேன். போயி உங்க ஆபீசரைப் பாரு. எங்கம்மா ஒரு காதுகுத்துல பேனர் கட்டிட்டாங்க, ஊரே பாத்துடுச்சுன்னு உள்ளது உள்ளபடி சொல்லு. எத்தனை பேர் பாத்தாங்கன்னு கேட்டா, ஒரு மண்டபம், ஒரு ரோடு, ஒரு சந்து முழுக்கன்னு சொல்லு. சிரிப்பாங்க, திட்டுவாங்க, ஒருவேளை வேலையை விட்டு அனுப்பினாலும் அனுப்பட்டும், உனக்குச் சோறு போட நாங்க இருக்கோம். நீ மறுபடியும் எரின்னு சொன்னாலும் நான் எரிக்க மாட்டேன். உனக்கு நான் பண்ற ரெண்டாவது துரோகம் இதுன்னு நெனைச்சாலும் சரி, என் மேல எத்தனை மாசம் கோவமா இருந்தாலும் சரி, நான் தாங்கிக்குவேன்.

தேவநாதப் பெருமாள் உன்னைக் கைவிட மாட்டார், நீ எங்க இருந்தாலும் தலை நிமிந்து நல்லா இருக்கணும். தைராய்டு மாத்திரையை வெறும் வயித்துல போடு, காப்பிக்கு அப்புறம் போடாதே. பேச மனசு இல்லன்னா பேச வேணாம், ஆபீசுல சொல்லிட்டேன்னு அன்பரசுக்கு ஒரு எஸ்எம்எஸ் மட்டும் போடு. அது வர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது.

இப்படிக்கு,
உன்னைப் பெருமைப்படுத்தப் போயி உன் பொழப்பைக் கெடுத்த
அம்மா அமராவதி