கண் ஒன்றும் வாழைத்தார் இல்லை, மாப்பிள்ளை

என் ஆசை மாப்பிள்ளை கோவிந்தராசு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் கண் தெரிகிறதா? தெரிந்தால் இதை நீயே படித்துக்கொள். உன் அக்காள் புருஷன் எனக்குத்தான் எழுத்து வராதே. தபாலாபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரை உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "செத்தவருக்கு என்ன விலாசம் போடறதுங்க பெரியவரே?" என்கிறார். விலாசம் வேண்டாம், ஊரே படிக்கட்டும் என்றேன்.

உன் மகள் ரெங்கம்மாவுக்கும் அது வந்துவிட்டது. பதறாதே, முழுசும் கேள்.

ஆடி மாசம். சோடாபுட்டிக் கண்ணாடியோடு தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவள், "மாமா, வலது கண்ணுல மின்னல் வெட்டுது" என்றாள். வெளியே நல்ல வெயில். மறுநாள் கொசுக்கூட்டமாகப் பறக்கிறது என்றாள். அப்புறம், ஓரத்திலிருந்து யாரோ திரை இழுக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். வார்த்தை மாறாமல் நீ சொன்னது அது.

நீ சொன்ன நாள் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. கோட்டைப் பக்கம் அந்தப் பெரிய டாக்டர். பேரைச் சொல்லி இந்தத் தாளை அழுக்காக்க வேண்டாம். கட்டிலுக்கடியில் எலி இருக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரி, எட்ட நின்று உன் கண்ணில் டார்ச் அடித்தார். நீ கையைக் கட்டிக்கொண்டு, "சன்னதியில நைவேத்தியத்துக்குத் திரை இழுப்பாங்களே, அப்படி இழுபடுதுங்க" என்றாய். "ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு எல்லாமே சன்னதிதான். கண்புரைய்யா. முத்தட்டும், எடுத்துடலாம்" என்றார். கம்பவுண்டரும் சேர்ந்து சிரித்தான்.

முத்தட்டும்! வாழைக்காய் மண்டிக்காரனிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அவன் வேறென்ன செய்வான்? முத்தாத தாரை வெட்டினால் பழுக்காது என்பது நமக்குப் பால்குடியிலிருந்து தெரியும். நியாயமான பேச்சு என்று தலையாட்டிவிட்டு வந்தோம். மார்க்கெட்டில் ஒருத்தன் பாக்கியில்லாமல், "என்ன கோவிந்தராசு, கண்ணு முத்திடுச்சா?" என்று விசாரித்தான். முத்தவில்லை, இருண்டது. பிறகு அடுத்ததும் இருண்டது. திரும்பப் போய் நின்றபோது "விதி" என்றார். அத்தனை வருஷம் படித்த படிப்பில் அந்த ஒரு சொல்தான் கையில் மிச்சம் இருந்தது போல.

"அந்த டாக்டரை 'தவறிழைத்தவர்'னு போடட்டுங்களா?" என்கிறார் எழுதுகிறவர். தவறு யாருக்கும் வரும். தவறினவன் அடுத்த ஆளுக்காவது குனிந்து பார்ப்பான். இவர் குனியவே இல்லை. முட்டாள் என்றே போடுங்க, அழுத்திப் போடுங்க என்றேன்.

ரெங்கம்மாவை எங்கே கூட்டிப் போவது? அவள் புருஷன், உன் மருமகன், "பெரிய டாக்டர்தான் ராசிக்காரர்" என்று ஒற்றைக்காலில் நின்றான். அவனுக்கு ராசி பார்க்கத் தெரியும், ஆளைப் பார்க்கத் தெரியாது. போனோம். அதே நாற்காலி, அதே டார்ச். இவளிடமும், "புரைதாம்மா, முத்தட்டும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "முத்துறதுக்கு அது என்ன பூவன் தாருங்களா? இவ அப்பனுக்கும் இதையேதான் சொன்னீங்க."

"எந்த அப்பன்?"

ஞாபகமே இல்லை, மாப்பிள்ளை. உன் இரண்டு கண்ணும் அந்த ஆளுக்கு ஒரு ஞாபகமாகக்கூட மிஞ்சவில்லை.

"நம்பிக்கை இல்லேன்னா கன்டோன்மென்ட்டுக்குப் போங்க. ஒரு பொடியன் வந்திருக்கான், நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு சர்க்கஸ் காட்டுறான்" என்றார். அவர் வாழ்நாளில் ஒரு நோயாளிக்குச் சொன்ன உருப்படியான வைத்தியம் அது ஒன்றுதான். அங்கிருந்தே குதிரை வண்டி பிடித்தேன்.

அந்தச் சின்ன டாக்டர் சொட்டு மருந்து விட்டார். கண்பாப்பா நன்றாக விரிகிற வரைக்கும் காக்க வைத்தார். படுக்கவைத்து, நெற்றி விளக்கோடு, கையில் ஒரு கண்ணாடி வில்லையைப் பிடித்துக்கொண்டு அவள் தலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பார்க்கப் பார்க்கத் தாளில் வட்டம் போட்டுப் படம் வரைந்தார். ஒட்டியிருக்கிற இடம் சிவப்பு, பிரிந்த இடம் நீலம்.

"புரையே இல்லை பெரியவரே. கண்ணுக்குப் பின்னால சுவத்துல ஒட்டின காகிதம் மாதிரி ஒண்ணு இருக்கு. அது கிழிஞ்சு, தண்ணி புகுந்து உரியுது. பழைய கருவியில நடுப்பக்கம்தான் தெரியும், இதுல ஓரம் வரைக்கும் பார்க்கலாம். நடு இன்னும் ஒட்டியிருக்கு. அது உரியறதுக்குள்ள மெட்ராஸ் போயிடணும், இன்னிக்கே."

"அதுக்குப் பேர் என்னங்க?"

"விழித்திரை."

திரை, மாப்பிள்ளை. நீ சொன்னாயே, அதேதான். நீ வியாதி வந்த இடத்தின் பேரையே சொல்லியிருக்கிறாய், பெரிய மனுஷன் சிரித்திருக்கிறான்.

இந்த மாதிரி சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர்களுக்கு இது வரும், ரத்தவழியிலும் வரும் என்றார். உன்னைப் பற்றிச் சொன்னேன். அப்போதே பார்த்திருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டேன். "அப்போ இந்த ஆபரேஷன் தெரிஞ்சவங்க வெளிநாட்டிலேயே கொஞ்சம் பேர்தான்" என்று நிறுத்தியவர், "புரை இல்லைன்னு மட்டும் அப்பவே தெரிஞ்சிருக்கும்" என்றார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, சொல்?

உன் மருமகன், அமாவாசை கழியட்டும் என்றான். "நீங்க அமாவாசையைப் பாருங்க தம்பி, நாங்க ரயிலைப் பார்க்குறோம்" என்று கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் அவள் தலை ஆடாமல் மடியில் பிடித்துக்கொண்டு போனேன்.

மெட்ராஸில் கிழிசலைச் சுட்டு ஒட்டி, பீப்பாய்க்குப் போடுகிற மாதிரி கண்ணைச் சுற்றிப் பட்டை போட்டார்களாம். இரண்டு கண்ணையும் கட்டி, அசையாதே என்று மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். உன் மகள் அழக்கூட இல்லை, அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த டாக்டரை வைதுகொண்டே இருந்தேன். வேறு என்ன பிரார்த்தனை எனக்குத் தெரியும்?

கட்டு அவிழ்த்த அன்றைக்கு நல்ல கண்ணை மூடிவிட்டு, வலது கண்ணால் என்னைப் பார்க்கச் சொன்னார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மாமா, சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க" என்றாள்.

உன் வம்சத்தில் கண்ணாடி போட்ட ஒவ்வொருத்தரையும், மருந்து விட்டுக் குனிந்து பார்க்கிற டாக்டரிடம் வருஷா வருஷம் நானே இழுத்துப் போவேன். உன் மருமகன் குறுக்கே நின்றால் அவனையும் சேர்த்து இழுத்துப் போவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் அக்காளைக் கட்டிய மச்சானின் கைநாட்டு.