மங்கிய பித்தளை

கடத்தூர்,
ஞாயிறு.

அன்புள்ள சுகுணாவுக்கு,

நான் நலம். பிரியதர்ஷினியும் குழந்தையும் நலந்தானே? போனில் பேசினால் நீ குறுக்கிடுவாய், எனக்கு வார்த்தை நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். சொல்ல வந்தவை:

1. உன் தம்பி நீட்டிய அறிக்கையில் நான் கையெழுத்துப் போடவில்லை.
2. தவறு ஆக்சிலியாவுடையது அல்ல.
3. இதில் நீ தலையிட வேண்டாம்.

உன் தம்பி கிருஷ்ணப்பன் பட்டறையிலிருந்து போன சரக்கு திரும்பி வந்துவிட்டது. பித்தளை முலாம் பூசிய இரும்பு வளையங்களிலிருந்து ரப்பர் உரிந்துவிட்டதாம். முலாம் போட்டவள் ஆக்சிலியா. அவள் வேலை சரியில்லை என்று வேதியியல் வாத்தியாரான நான் எழுதிக் கொடுத்தால், அவளை நிறுத்திவிட்டு விஷயத்தை முடித்துவிடலாம் என்று பார்க்கிறான்.

முலாம் தொட்டியிலிருந்து எடுக்கும்போது அந்தப் பித்தளை மங்கலாகத்தான் இருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் உண்டு. ரப்பரிலுள்ள கந்தகம் பித்தளையின் செம்போடு சேர்ந்து அங்கேதான் வேர்பிடிக்கிறது. உன் தம்பி சமீபமாக, ரப்பர் ஒட்டுவதற்கு முன்னால் வளையங்களை மெருகுச் சக்கரத்தில் கொடுக்கிறான். மேடுபள்ளம் நசுங்கி, சக்கரத்தின் மெழுகும் படிந்துவிடுகிறது. இரண்டு விதத்திலும் ரப்பரை ஒட்டி உரித்துப் பார்த்தேன். மங்கிய வளையத்தில் ரப்பர் கிழிந்ததே தவிர விடவில்லை. மெருகிட்டதில் வாழைப்பழத் தோலாக உரிந்தது. என்மேல் எனக்கே நம்பிக்கையில்லாமல் மறுபடியும் செய்து பார்த்தேன். அதே முடிவுதான்.

“பித்தளன்னா பூச சாமான் கணக்கா மின்னணும் மாமா. உங்க பாடத்தயெல்லாம் பள்ளிக்கூடத்தோட வச்சுக்குங்க” என்றான், எல்லோர் முன்னாலும். ஆனாலும் முடியாது என்றேன். வெளியே வந்ததும் ஆக்சிலியா, “கையெழுத்துப் போட்டா எனக்கு வேல போவும், போடலன்னா உங்களுக்கு வூட்ல சோறு போவும், பாத்துக்குங்க சார்” என்று சிரித்தாள். அவள் கண் சிரிக்கவில்லை. அவள் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது.

அடுத்த வாரம் மறுபடி கேட்பானாம். கேட்கட்டும். நீ கோபித்தாலும், உன் பிறந்த வீடே பேசாமல் போனாலும், என் பதில் அதுதான்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. நான் மறுக்கலாம், ஆனால் ஆக்சிலியாவை வேலையில் வைத்திருக்க என்னால் முடியாது. அக்கா நீ சொன்னால் அவன் கேட்பான். குழந்தையைச் சம்பந்தியம்மாவிடம் விட்டுவிட்டு ஒரு நடை வா. பொம்மிடி ஸ்டேஷனில் நிற்பேன். ரப்பர் ஒட்டிய வளையங்கள் இரண்டு, மங்கியது ஒன்றும் மெருகிட்டது ஒன்றும், என் பையில் இருக்கும். நீயே உரித்துப் பார்.

உன்,
அர்ச்சுனன்