முகிலியைச் சுடாத பிள்ளைக்காக ஒரு முறைப்பாடு

அனுப்புபவர்:
ஆழ்வாப்பிள்ளை சோமசேகரம்,
சரக்குக் கப்பல் மாலுமி (தற்போது விடுப்பில்),
கடற்கரை வீதி, பொலிகண்டி.

பெறுபவர்:
வட்டாரக் கல்வி அதிகாரி அவர்கள்,
பருத்தித்துறை.

விடயம்: 22.02.1986 அன்று சாவகச்சேரியில் நடைபெற்ற கணனிக் கண்காட்சியில் 'உப்புமலை' என்னும் விளையாட்டின்போது என் மகள் செல்வி சோ. சுகந்தமலர் மீது சுமத்தப்பட்ட குற்றமும், அதனால் அவள் இழந்த பயிற்சி இடமும் பற்றியது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதினாறு வருடங்களாகக் கப்பலில் வேலை செய்பவன். வருடத்தில் ஏழெட்டுக் கிழமைதான் வீட்டில் நிற்பேன். இதற்கு முன் எந்த அலுவலகத்துக்கும் மனு எழுதியதில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடந்தவற்றை நடந்தபடியே எழுதுகிறேன்.

2. என் மகளுக்கு வயது பதின்மூன்று. 'வடதாரகை கணனிப் பயிற்சி நிலையம்' என்ற தனியார் நிறுவனம் பாடசாலைக்கு ஒருவராகப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வருடப் பயிற்சி தர முன்வந்தபோது, கணிதத்தில் அவள் காட்டிய திறமையைப் பார்த்து எங்கள் ஊர்ப் பாடசாலை அவளைத் தெரிவு செய்தது. அந்த இடம் இப்போது அவளிடம் இல்லை.

3. 'உப்புமலை' என்பது பதினொரு பாகங்களாக வெளிவந்த சிறுவர் கதைத் தொடர் என்பதைத் தாங்கள் அறிந்திருக்கலாம். இங்கே அதை வாசிக்காத பிள்ளைகள் குறைவு. நான் அதில் ஒரு பக்கமும் வாசித்தவன் அல்லன். ஆனாலும் பதினொரு பாகங்களும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு பாகமும் வந்தவுடன் மகள் அதை விமானக் கடிதத்தில், ஓரங்களிலும் இடம் விடாமல் பொடி எழுத்தில் எனக்கு எழுதி அனுப்புவாள். அக்கடிதங்கள் சில வேளை இரண்டு துறைமுகங்கள் தாண்டித்தான் என் கைக்கு வரும்.

அக்கதையில் ஓர் அண்ணனும் தங்கையும் துடுப்பில்லாத தோணியில் போகிறார்கள். அவர்கள் தேடும் உப்புமலை மழையில் கொஞ்சம் கரையும். வெயிலில் மறுபடி வளரும். முகிலி என்ற பெரிய கூழைக்கடாதான் அவர்களுக்கு வழிகாட்டி. கடல் கொந்தளித்தால் இருவரையும் தன் அலகுப் பையில் ஏந்திக்கொண்டு பறப்பாள். பையின் தோல் மெல்லியது. விடியும்போது உள்ளே எல்லாம் சிவப்பாக இருக்கும் என்றும், மீனும் மழையும் கலந்த மணம் வரும் என்றும் மகள் எழுதியிருந்தாள். கையில் கல்லோ கம்போ வைத்திருப்பவரிடம் முகிலி வரமாட்டாள்.

பாரசீகக் குடாவில் நங்கூரமிட்டு நிற்கும் மத்தியானங்களில், வானமும் கடலும் ஒட்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்று தெரியும். அது வெக்கையில் எழும் ஆவி என்பது எந்த மாலுமிக்கும் தெரியும். நான் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த நேரத்தில் என் வீடு எனக்குத் தூரமாகத் தெரிவதில்லை. இவ்விபரம் முறைப்பாட்டுக்குத் தேவையில்லை என்று கருதினால் தாங்கள் இதை விட்டுவிட்டு மேலே வாசிக்கலாம்.

4. தை மாதத்தில் மேற்படி நிலையத்தார் பாடசாலைகளுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் அனுப்பினார்கள். உப்புமலைக் கதை கணனி விளையாட்டாக வந்துவிட்டது, இனி நீங்களே தோணியில் போகலாம், முகிலியைச் சந்திக்கலாம் என்று அதில் இருந்தது. நான் பெப்ரவரி ஒன்பதாந் திகதி வீட்டுக்கு வந்தபோது அது மகளின் கொப்பிக்குள் நாலாக மடித்து இருந்தது. அந்நாட்களில் அவள் நடந்ததெல்லாம் நித்திரையில் நடப்பதைப் போல இருந்தது. கூப்பிட்டால் மூன்றாம் தரம் திரும்பிப் பார்ப்பாள். கிணற்றடியில் வாளி நிறைந்து வழிய, தண்ணீரைப் பார்த்தபடி நிற்பாள். கணனிக்குள் முகிலி கதைப்பாளா என்று என்னிடம் கேட்டாள். வெளிநாட்டு இயந்திரங்கள் எத்தனையோ செய்கின்றன, கதைக்கும் என்றே சொல்லிவிட்டேன். தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொன்ன அப்பிழை என்னுடையது.

5. கண்காட்சியன்று நெல்லியடியில் ஒரு பஸ்சும் கொடிகாமத்தில் இன்னொன்றும் பிடித்துச் சாவகச்சேரிக்குப் போனோம். வரிசை மண்டபத்துக்கு வெளியே வேப்பமரம் வரை நின்றது. உள்ளே ஒரு சிறிய கணனியைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து வைத்திருந்தார்கள். விளையாட்டு ஓர் ஒலிநாடாவில் இருந்தது. அதை ஏற்றும்போது எழும்பிய கீச்சுச் சத்தத்தைக் கேட்டு மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது முகிலியின் குரல் என்று அவள் நினைத்ததைப் பின்னர்தான் அறிந்தேன்.

அவளுடைய முறை வந்தது. திரை முழுதும் கறுப்பு. அடியில் வெள்ளைக் கட்டை ஒன்று, அதுதான் தோணி. மேலே எழுத்துக்களைக் கோத்ததுபோல ஒரு வடிவம் இடம் வலமாக ஓடிக் கீழே கற்களைப் போட்டது. அதுதான் முகிலி. விசைப்பலகையின் நீளக் கட்டையை அழுத்தினால் தோணியிலிருந்து குண்டு போகும். பறவை வெடித்தால் பத்துப் புள்ளி. உடனே இன்னொரு முகிலி வரும். உப்புமலை எங்கும் இல்லை.

6. மகள் அழுத்தவில்லை. பக்கத்தில் நின்ற போதனாசிரியர் திரு. பஞ்சலிங்கம் அவர்களிடம், "உது முகிலி எல்லே? ஏன் சுடவேணும்?" என்று கேட்டாள்.

"சுட்டாத்தான் புள்ளி, தங்கச்சி," என்றார் அவர்.

"முகிலியைச் சுட்டால் பிறகு ஆர் எங்களைக் கூட்டிக்கொண்டு போறது?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் அவர்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

7. மகள் தோணியைப் பறவைக்கு நேர் கீழே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கல் விழுந்து ஆட்டம் முடிந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரலாம் என்று எண்ணி, முகிலி என்பதை ஆங்கில எழுத்துக்களில் ஒவ்வொன்றாக அழுத்தினாள். அவசரத்தில் வேறேதோ ஒரு விசையிலும் கை பட்டிருக்கிறது. விளையாட்டு நின்று திரையில் எழுத்துக்கள் நிறைந்தன. ஒலிநாடாவை மறுபடி ஏற்றப் பத்து நிமிடம் ஆனது. நிலைய நிர்வாகி திரு. மார்க்கண்டு அவர்கள் வந்து, எல்லோரும் பார்த்திருக்க, பிள்ளையின் மேற்கையைப் பிடித்து வாசலில் கொண்டுபோய் விட்டார். நான் ஓடிப்போனபோது அவள் அழவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

8. நான்கு நாட்களின் பின் பாடசாலைக்கு அவருடைய கடிதம் வந்தது. என் மகள் 'வேண்டுமென்றே இயந்திரத்தைப் பழுதாக்கியவர்' என்றும், அவரைப் பயிற்சிக்கு ஏற்க முடியாது என்றும் அதில் இருந்தது. பாடசாலை அதிபர் வருத்தத்துடன் பெயரை வெட்டினார். அதற்குப் பின் மகள் வீட்டில் தேவைக்கு மட்டும் கதைத்தாள். பதினொரு பாகங்களையும் ஒரு சீனிச் சாக்கில் கட்டி என் மனைவி இராசமலரிடம் கொடுத்து, யாருக்காவது கொடுக்கச் சொன்னாள். நான் காரணம் கேட்டேன்.

"இனி உங்களுக்கு எழுத ஒண்டுமில்லை, அப்பா," என்றாள்.

ஐயா, கப்பலில் அக்கடிதங்களைத் தவிர எனக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. அதைவிட, வீட்டில் இன்னோர் இழப்பும் இருக்கிறது. ஹெலிகொப்டர் சுட வரும்போது எங்கள் பகுதிப் பிள்ளைகள் பதுங்குகுழிக்குள், பங்கருக்குள், ஓடுகிறார்கள். என் மகளும் ஓடுவாள். உள்ளே இருந்துகொண்டு, மேலே போவது முகிலி என்று தம்பிக்குச் சொல்லுவாளாம். அவன் பயப்படாமல் இருப்பானாம். கண்காட்சிக்குப் பிறகு இரண்டு தரம் பங்கருக்குள் இருந்தோம். அவள் தம்பிக்கு ஒன்றும் சொல்லவில்லை. மேலே போவது முகிலியா என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

9. மார்ச் எட்டாந் திகதி திரு. பஞ்சலிங்கம் சைக்கிளில் எங்கள் வீடு தேடி வந்தார். சாவகச்சேரியிலிருந்து பொலிகண்டிக்கு உழக்கி வந்தவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் கொடுத்து இருத்தினோம். அவர் குவளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

"உண்மையைச் சொல்லப்போனால், நான் அந்தப் புத்தகங்களை வாசிக்கேல்லை, அண்ணை. ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையிலை இருந்த விளையாட்டுக்குப் பேரை மட்டும் மாத்தினனான்."

இயந்திரத்துக்கு எந்தப் பழுதும் வரவில்லை, விசை தவறினால் எவர் கையிலும் அது அப்படித்தான் நிற்கும் என்று எழுதிக் கையொப்பமும் இட்டுத் தந்தார். தன் வேலைக்கு இடைஞ்சல் வரலாம் என்று தெரிந்துகொண்டே அதைச் செய்தார். போகும்போது முதல் நான்கு பாகங்களை இரவல் கேட்டார். தாய் இன்னும் எவருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த சாக்கை மகள் அவிழ்த்துக் கொடுத்தாள்.

10. அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தார். நான்காம் பாகம்வரை முடித்திருந்தார். முகிலியின் பைக்குள் விடியும் இடத்தை இரண்டு தரம் வாசித்தாராம். விளையாட்டைப் புதிதாக எழுத விரும்புவதாகவும், நிர்வாகி அதற்கு நேரம் ஒதுக்க மறுப்பதாகவும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது கதவடியில் நின்ற மகள் கேட்டாள்:

"முகிலிக்கு எத்தினை புள்ளி?"

"முந்தி பத்து," என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

"சுடுறதுக்கில்லை. கீறுறதுக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கணனியில் ஓர் எழுத்தின் இடம் எட்டுக்கு எட்டுச் சதுரம், ஒவ்வொரு சதுரமும் ஒரு புள்ளி, அப்படி நாலைந்து இடங்களைச் சேர்த்தால் பெரிய உருவமும் கீறலாம் என்று விளக்கினார். மகள் கணிதக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து நிலத்தில் குந்தினாள். எங்கள் வீட்டில் பின்னேரம் முழுவதும் பென்சில் சத்தம் மட்டும் கேட்டது. அலகுப் பை இரண்டு இடத்துக்குள் அடங்காது, மூன்று வேண்டும் என்று அவள் வாதாடினாள். அவர் ஒத்துக்கொண்டார். மூன்று கிழமைக்குப் பிறகு அன்றுதான் அவள் குரலை முழுதாகக் கேட்டேன்.

11. ஆகவே, ஐயா, நான் தங்களிடம் வேண்டுபவை:

திரு. மார்க்கண்டு அவர்களின் கடிதம் உண்மைக்கு மாறானது என்பதை விசாரித்து அதைத் திரும்பப் பெறச் செய்ய வேண்டும். ஏப்ரல் ஏழாந் திகதி தொடங்கும் பயிற்சியில் மகளின் இடத்தை மீட்டுத் தர வேண்டும். மற்றப் பாடசாலைகளுக்கும் அந்த விளையாட்டைக் கொண்டுபோக இருக்கிறார்களாம். திருத்தி எழுதும்வரை அதற்கு உப்புமலை என்ற பெயரை வைக்க வேண்டாம் என்று அறிவுறுத்த வேண்டும். சுடும் விளையாட்டு வேண்டியவர்கள் அதை வேறு பெயரில் விளையாடட்டும். எவரையும் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. உண்மை சொன்னதற்காகத் திரு. பஞ்சலிங்கத்துக்கு ஒரு கெடுதலும் வராமல் தாங்கள் பார்த்துக்கொண்டால் போதும்.

நான் ஏப்ரல் இரண்டாந் திகதி கப்பலுக்குத் திரும்ப வேண்டியவன். அதற்குள் தங்கள் முடிவு தெரிந்தால் மன ஆறுதலோடு போவேன். பிந்தினால் பாடசாலைக்கு அறிவியுங்கள். செய்தியை மகள் எனக்கு எழுதுவாள்.

12. இத்துடன் நிர்வாகியின் கடிதப் பிரதியும், போதனாசிரியரின் வாக்குமூலமும், சதுரக்கோட்டுத் தாள் ஒன்றும் இணைத்துள்ளேன். தாளுக்குப் பிரதி இல்லை. அதைத் தர மகளுக்கு மனமில்லை. அதிகாரி பார்த்தால்தான் நம்புவார் என்று நான் சொன்ன பிறகே தந்தாள். பார்த்தபின் மடிக்காமல் திருப்பி அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பறவைக்கு இன்னும் கண் வைக்கவில்லை. அது எந்தச் சதுரத்தில் வரவேண்டும் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

தங்கள் நேர்மையில் நம்பிக்கை வைத்து,

ஆ. சோமசேகரம்
(ஒப்பம்)

பொலிகண்டி,
18.03.1986