ஈ ஓட்டப் போகும் மகளுக்கு

அன்புள்ள பார்கவி, பெரிய செய்தி, நீ சிட்னியில் வேலைவெட்டி இல்லாமல் ஈ ஓட்டப் போகிறாய் என்று மெல்போர்ன் முழுக்கத் தெரிந்துவிட்டது! மற்றபடி வெரிபீயில் நாங்கள் சுகம், அப்பாவின் முதுகுவலியும் அவரோடு சுகமாக இருக்கிறது, நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஞாயிற்றுக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயிலில் சிவபாலன் அங்கிள் உன்னை விசாரித்தார். உன் ஆராய்ச்சியைப் பற்றி நான் அனுப்பிய ஒரு வீடியோவையும் திறந்து பார்க்காத மகான் உன் அப்பா, லீவுக்கு அவளுக்கு ஈ பார்க்கிற வேலைதான் கிடைத்திருக்கிறது என்றார். "ஓம், இப்ப ஒரு இடத்திலயும் வேலை இல்லைத்தானே, பிள்ளையை இலையான் கலைச்சுக்கொண்டு இருக்காமல் எங்கட கடைக்கு வரச் சொல்லுங்கோ" என்று ஈயை இலையான் என்கிற தன் இலங்கைத் தமிழில் அவர் ஆறுதல் சொன்னார், பாவம் நல்ல மனுஷர். பிரசாதம் வாங்குவதற்குள் பத்மா ஆன்ட்டி என் கையைப் பிடித்து அழாத குறை. டிகிரி முடிக்காத பிள்ளைக்கே சிட்னி ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்ய இடம் கொடுத்திருக்கிறார்கள், தூங்காத ஈக்கு ஞாபகம் என்ன ஆகும் என்று பார்க்கப் போகிறாள் என்றேன். ஈக்கு என்ன ஞாபகம் வேண்டிக்கிடக்கு என்று கேட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்கு வெட்கம். சிட்னியை விட்டுவிட்டு வீட்டுப் பக்கத்துக் கல்லூரி கொடுத்த இடத்தை எடுத்துக்கொள் என்று உனக்குப் போன் செய்தாராம், நீயும் "சரிப்பா, அங்கேயே வந்துடறேன்"னு சொன்னாயாம். பிரமாதம், அப்பாவுக்கு ஏற்ற மகள்.

நான் எந்தக் காலேஜிலும் சயின்ஸ் படிக்கவில்லை, ஆனால் எல்லாக் காலேஜ் வெப்சைட்டையும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தவள். பக்கத்துக் கல்லூரியில் அதற்குப் பெயர் ஆராய்ச்சி அனுபவம், செய்வது சீனியர் முதுகுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பது. இன்னொரு இடத்தில் மூன்றாம் வருடப் பிள்ளைகள் மட்டும்தான் மனிதர்கள். சிட்னிக்காரர்கள்தான் உன் கேள்வி என்ன என்று கேட்டு, அந்தக் கேள்விக்காகவே இடம் கொடுத்தார்கள். நைட் டியூட்டி முடிந்து வந்து நான் வீட்டு அலாரம் நம்பர் மறந்து வாசலில் நின்றேனே, அன்றைக்கு நீ கேட்ட கேள்விதானே அது? அதையா கோயில் வாசலில் சொல்ல நன்றாக இல்லை என்று விடப் போகிறாய்?

அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நன்றாகத் தூங்கு, உன் ஈக்கள் தூங்காமல் இருக்கட்டும், சாமி துணை இருப்பார். சம்மதம் சொல்ல வெள்ளிக்கிழமை கடைசி நாள், மறக்காதே. இதைப் படித்த கையோடு சிட்னிப் பேராசிரியருக்குச் சம்மதம் என்று எழுது, எழுதியதும் எனக்கும் ஒரு வரி அனுப்பு, ஆன்ட்டிமார் குரூப் முழுக்க நானே பரப்புகிறேன்.

உன் கேள்விக்குச் சொந்தக்காரி,
அம்மா யாமினி